மணம் பட்டாலே மூச்சு முட்டுகிறது. டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: எனக்கு 36 வயது. ஒன்றரை வருடத்துக்கு முன் அலுவலகத்தில் புது பெயிண்ட் அடித்து, தரைவிரிப்பைப் பசை போட்டு ஒட்டினார்கள். அந்த வாரம் ஆரம்பித்த தலைவலியும் தொண்டை எரிச்சலும் நெஞ்சு இறுக்கமும் இன்னும் விடவில்லை. இப்போது பெர்ஃப்யூம், சலவைத் தூள், டீசல் புகை எது பட்டாலும் தலை சுற்றுகிறது, யோசிக்கவே முடியவில்லை. ஒரு டாக்டர் "எல்லாம் மனப்பிரமை" என்றார். இன்னோர் இடத்தில் தலைமுடியைப் பரிசோதித்து, உடம்பில் உலோக நஞ்சு இருக்கிறது, டிரிப் ஏற்றி எடுக்கலாம் என்று பெரிய தொகை கேட்கிறார்கள். இணையத்தில் தேடினால் இதற்கு 'மல்டிபிள் கெமிக்கல் சென்சிடிவிட்டி' என்று பெயர் வருகிறது. அப்படி ஒரு நோயே இல்லை என்றும் வருகிறது. கணவர்கூட நம்பத் தயங்குகிறார். அடுத்த மாதம் கடைவாய்ப் பல் எடுக்க வேண்டும், அதற்கும் பயமாக இருக்கிறது. நான் யாரிடம் போவது?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறோம். அந்த டிரிப் சிகிச்சைக்குப் பணம் கட்டாதீர்கள். முன்பணம் கட்டியிருந்தால் அது போகட்டும், ஊசிக்குக் கையை நீட்டாதீர்கள். தலைமுடியில் சாயம், ஷாம்பு, தண்ணீரில் உள்ள உப்பு, தூசி எல்லாம் ஒட்டியிருக்கும். அந்த முடியில் வரும் எண்ணை வைத்து உங்கள் தொல்லைக்கு உலோகம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. சில இடங்களில் உலோகத்தை இழுக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுச் சிறுநீரைப் பிடிப்பார்கள். வந்த அளவை, மருந்து சாப்பிடாதவர்களின் அளவோடு ஒப்பிட்டு "அதிகம்" என்று அச்சடித்துத் தருவார்கள். அந்த மருந்து கொடுத்தால் யாருக்குமே அளவு கூடும். இதில் உயிராபத்தும் உண்டு. இந்தச் சிகிச்சையில் பயன்படும், உலோகத்தை இழுக்கும் எடிடிஏ மருந்து இரண்டு உப்பு வடிவங்களில் வருகிறது. கால்சியம் சேர்ந்தது ஈய நஞ்சுக்குக் கொடுப்பது. டைசோடியம் உப்போ ரத்தத்தில் உள்ள கால்சியத்தையே பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும், இதயம் நின்றுபோகலாம். அமெரிக்காவில் 2003 முதல் 2005 வரை இப்படிக் கால்சியம் சரிந்து மூன்று பேர் இறந்தது பதிவாகியிருக்கிறது. அதில் இருவர் குழந்தைகள். உண்மையிலேயே ஈயத்தின் மேல் சந்தேகம் இருந்தால், கையிலிருந்து சாதாரணமாக எடுக்கும் ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்தால் போதும்.

இனி, அந்தப் பெயர். 1950-களில் தெரோன் ராண்டால்ஃப் என்ற அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர், அன்றாட ரசாயனங்கள் சிறு அளவிலேயே சிலரை நோயாளியாக்குகின்றன என்று சொல்லத் தொடங்கினார். 1987-ல் மார்க் கல்லன் என்ற தொழில்சார் நோய் மருத்துவர்தான் நீங்கள் படித்த பெயரை வைத்தார். 1996-ல் உலக சுகாதார நிறுவனம் சார்ந்த கூட்டம் ஒன்று, ரசாயனம்தான் காரணம் என்று பெயரிலேயே முடிவு கட்டக் கூடாது, 'காரணம் தெரியாத சுற்றுச்சூழல் தாங்காமை' என்று சொல்லலாம் என்றது. 1999-ல் ஆய்வாளர்கள் சிலர் கூடி ஆறு அளவுகோல்களை வகுத்தார்கள்: தொல்லை நாட்பட்டது, அதே பொருள் பட்டால் திரும்ப வருகிறது, மிகக் குறைந்த அளவிலேயே வருகிறது, பொருளை அகற்றினால் குறைகிறது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல ரசாயனங்களுக்கு வருகிறது, உடம்பின் பல உறுப்புகளைப் பாதிக்கிறது. உங்கள் கடிதம் இந்த ஆறில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துகிறது. ஆனால் இவை எல்லாமே நோயாளி சொல்வதை வைத்துத்தான். ரத்தத்திலோ ஸ்கேனிலோ "இதுதான்" என்று காட்டும் பரிசோதனை இன்றுவரை இல்லை.

சர்ச்சை எங்கே என்பதைத் தெளிவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் படும் அவதி உண்மையா என்பதில் நல்ல மருத்துவர் யாருக்கும் சர்ச்சை இல்லை. அதை உண்டாக்குவது ரசாயனத்தின் நச்சுத்தன்மையா, மூளை மணத்தை ஆபத்தாக எடுத்துக்கொள்ளும் விதமா, இரண்டுமா என்பதில்தான். எது ரசாயனம், எது வெறும் காற்று என்று தெரியாமல் முகரவைத்த ஆய்வுகளை 2006-ல் தொகுத்துப் பார்த்தார்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க முடிந்த இடங்களில் தொல்லை வந்தது. கண்டுபிடிக்க முடியாதபடி மறைத்த இடங்களில் அந்த வேறுபாடு நிற்கவில்லை. அதனால் நீங்கள் நடிக்கிறீர்கள் என்று ஆகிவிடாது. வெறும் காற்றுக்கு வந்தபோதும் அவர்களுக்குத் தலைவலி வந்தது உண்மைதான். ரசாயனத்தைத் துரத்துவது மட்டுமே சிகிச்சை ஆகாது என்பதுதான் அதிலிருந்து தெரிவது.

ஆகவே டாக்டர் முன் உட்கார்ந்ததும் "எனக்கு மல்டிபிள் கெமிக்கல் சென்சிடிவிட்டி" என்று தொடங்காதீர்கள். அந்தப் பெயரை வைத்தே பாதி நேரம் வாதத்தில் போய்விடும். "பெயிண்ட் அடித்த வாரத்திலிருந்து நெஞ்சு இறுக்கமும் தலைவலியும் வருகின்றன, அதனால் மாதத்தில் இத்தனை நாள் வேலைக்குப் போக முடிவதில்லை, ஆஸ்துமாவோ தொண்டைக் கோளாறோ இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்லுங்கள்" என்று தொடங்குங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்த மருத்துவருக்கும் வழி இருக்கிறது.

பொது மருத்துவரிடம் தொடங்கி, அங்கிருந்து நுரையீரல் மருத்துவரிடம் போவது உங்களுக்குச் சரியான பாதை. தொழில்சார் நோய் மருத்துவர் கிடைத்தால் இன்னும் நல்லது, வேலையிடத்தைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவர் அவர்தான். போகும் முன் மூன்று வாரம் ஒரு குறிப்பேடு எழுதுங்கள். "செவ்வாய், காலை 10.20, மூன்றாம் மாடி, வெள்ளைப் பலகை மார்க்கர், ஐந்து நிமிடத்தில் தொண்டை இறுக்கம், வெளியே வந்து 40 நிமிடத்தில் சரி, முந்தின இரவு ஐந்து மணி நேரத் தூக்கம்" என்று ஒரே வரியில் போதும். மணமே இல்லாமல் தொல்லை வந்த நாளையும், மணம் பட்டும் ஒன்றும் ஆகாத நாளையும் கட்டாயம் எழுதுங்கள். அந்த இரண்டு வகை வரிகளிலிருந்துதான் டாக்டருக்கு அதிகம் தெரியும். எல்லோரும் விட்டுவிடுவதும் அவற்றைத்தான். பிறகு அதைச் சுருக்கி ஒரே பக்கமாக்குங்கள். முப்பது பக்கக் கோப்பை மேசைமேல் வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள்.

குறிப்பேட்டோடு ஒரு பீக் ஃப்ளோ மீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். ஊதினால் முள் நகர்ந்து, மூச்சு எவ்வளவு வேகமாக வெளியே வருகிறது என்று காட்டும் சிறு குழாய் அது. நின்றுகொண்டு, முழுமூச்சு இழுத்து, உதட்டை இறுக்கி, ஒரே வீச்சில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதிகபட்ச எண்ணை எழுதுங்கள். எழுந்ததும், மதியம், வேலை முடிந்ததும், படுக்கும் முன்பும் என நாளுக்கு நான்கு வேளை, நான்கு வாரம். அதில் வேலை நாட்களும் விடுமுறை நாட்களும் இருக்க வேண்டும். வேலை நாட்களில் எண் இறங்கி விடுமுறையில் ஏறினால், தொழில்சார் ஆஸ்துமாவுக்கு அதைவிட நல்ல ஆரம்பச் சான்று இல்லை. நடுவில் மீட்டரை மாற்றாதீர்கள், கணக்கு குழம்பிவிடும்.

நுரையீரல் மருத்துவர் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனையைச் செய்வார். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சவைத்து மறுபடி ஊதச் சொல்லும்போது, முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 சதவீதமும் 200 மில்லியும் கூடினால் ஆஸ்துமாவின் பக்கம் சாயும். தொல்லை இல்லாத நாளில் ஊதினால் எல்லாம் சரியாகவே வரலாம், அதை வைத்து "ஒன்றுமில்லை" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூச்சுக்குழாய் எவ்வளவு எளிதில் சுருங்குகிறது என்று பார்க்கும் மெத்தகோலின் சோதனை செய்யலாமா என்று கேளுங்கள். பெயிண்ட் அடித்த அன்று கடும் புகை அல்லது ஆவிக்குள் இருந்து, 24 மணி நேரத்துக்குள் இருமலும் மூச்சிரைப்பும் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்திருந்தால், அதையும் நாள் நேரத்தோடு சொல்லுங்கள். ஒரே ஒரு பெரிய தாக்குதலால் வரும் ஆஸ்துமா வகை ஒன்று உண்டு. அதில் சர்ச்சை மிகக் குறைவு.

மூச்சை வெளியே விடுவதைவிட உள்ளே இழுப்பது கடினமாக, இறுக்கம் நெஞ்சைவிடக் கழுத்தில் இருந்தால், காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். மணம் பட்டதும் குரல்நாண்கள் தவறான நேரத்தில் மூடிக்கொள்ளும் கோளாறு பலருக்கு ஆஸ்துமா என்றே வருடக்கணக்கில் வைத்தியம் பார்க்கப்படுகிறது. தொல்லை இருக்கும் நேரத்தில் குழாய்க் கேமரா வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இதற்குப் பேச்சு-குரல் சிகிச்சையாளர் கற்றுத்தரும் மூச்சுப் பயிற்சி நன்றாகவே கேட்கிறது. தலைவலியோடு குமட்டலும் வெளிச்சக் கூச்சமும் இருந்தால் மைக்ரேனாக இருக்கலாம். மணமே அதைத் தூண்டும், மணம் தாங்காமல் போவதும் அதன் அறிகுறி. தோல் தடித்தால் பேட்ச் டெஸ்ட்: சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்து, ஓரிரு நாள் விட்டு மறுபடி பார்ப்பார்கள். திடீரென முகம் சிவந்து, தடிப்பு எழும்பி, ரத்த அழுத்தம் விழுந்தால் நான்கு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் டிரிப்டேஸ் அளவை (கடும் ஒவ்வாமையில் கூடும் பொருள் அது) எடுக்கச் சொல்லுங்கள். ஒரு நாள் கழித்து இன்னொன்று எடுத்தால்தான் ஒப்பிட முடியும். ரத்தசோகை, தைராய்டு பார்த்திருப்பார்கள், இல்லையென்றால் பார்க்கட்டும். வீட்டுக்குள் தலைவலி, வெளியே போனால் சரி என்றால், எரிவாயு ஹீட்டரை நிறுத்திவிட்டுக் கார்பன் மோனாக்சைடைத் தேடுங்கள். அதை விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி காட்டாது. ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

உணவுக்கான ஐஜிஜி பட்டியல் (எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று ரத்தத்தை வைத்துச் சொல்வது), தசை வலுவைப் பார்த்துச் சொல்லும் சோதனை, நாக்கடியில் விடும் 'சமன்படுத்தும்' சொட்டு இவை எதுவும் வேண்டாம். அந்தச் சமன்படுத்தும் முறையை உணவு ஒவ்வாமைக்கு ஊசியாகப் போட்டு, எந்த ஊசியில் என்ன என்று மறைத்துச் சோதித்த ஆய்வு 1990-ல் வெளிவந்தது. உணவுச் சாறு போட்டபோது 27 சதவீதமும் வெறும் கரைசல் போட்டபோது 24 சதவீதமும் தொல்லை வந்தது.

"மனப்பிரமை" என்ற வார்த்தை உங்களைப் புண்படுத்தியது நியாயமே. ஒரு பரிசோதனையும் செய்யாமல் அப்படிச் சொன்னது மருத்துவமும் அல்ல. ஆனாலும் உளவியல் நிபுணரைப் பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். பத்து முறை ஒரு மணத்தோடு மூச்சு முட்டியிருந்தால், பதினோராவது முறை அந்த மணத்தின் சாயலுக்கே இதயம் படபடக்கும். அந்தப் பகுதியை மட்டும் குறைத்தாலே அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் கூடுதலாக இருக்க முடியும். ஆஸ்துமாவும் பதற்றமும் ஒருவருக்கே இருக்கலாம். அங்கே போனதால் உங்கள் புகாரை நீங்களே வாபஸ் வாங்கியதாக ஆகாது. கணவரை ஒருமுறை உடன் அழைத்துப் போங்கள், குறிப்பேட்டை அவரே டாக்டரிடம் வாசிக்கட்டும்.

வீட்டில் எதையும் வாங்குவதற்கு முன் எடுக்க வேண்டியதை எடுங்கள்: அறை மணமூட்டி, துணி மென்மையாக்கி, மணமுள்ள சலவைத் தூள். 'மணமற்றது' என்று அச்சிட்ட பொருளிலும் வாடையை மறைக்க வேறொரு நறுமணம் சேர்த்திருக்கலாம், 'நறுமணம் சேர்க்காதது' என்று இருப்பதைத் தேடுங்கள். காற்றுச் சுத்திகரிப்பானில் ஹெப்பா வடிகட்டி தூசியைத்தான் பிடிக்கும். ஆவிக்குக் கிலோ கணக்கில் கரி வேண்டும். என்95 முகக்கவசமும் அப்படித்தான், ஆவியைத் தடுக்காது. ஓசோன் விடும் கருவியை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், அது நுரையீரலைப் புண்ணாக்கும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இன்று பெர்ஃப்யூம், நாளை செய்தித்தாள் மை, அடுத்து வாசல்படி என்று ஒதுக்கிக்கொண்டே போனால் தாங்கும் எல்லை சுருங்கும், பயம் வளரும். தெளிவாகத் தொல்லை தரும் மூன்று நான்கை மட்டும் ஒதுக்குங்கள்.

அலுவலகத்துக்கான சான்றிதழில் நோயின் பெயரைவிடத் தேவையை எழுதச் சொல்லுங்கள்: "பெயிண்ட், கரைப்பான் வேலை நடக்கும் நாட்களில் வேறு தளத்தில் இடம்; ஜன்னல் திறக்கும் அறை; சுத்தம் செய்யும் வேலை மாலையில்." பயன்படுத்திய பெயிண்டுக்கும் பசைக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு, 16 பிரிவுகள் கொண்டது. நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள். மூன்றாம் பிரிவில் என்னென்ன ரசாயனம், எட்டாம் பிரிவில் எவ்வளவு வரை அனுமதி என்று இருக்கும். அதில் 'ஐசோசயனேட்' என்ற சொல் இருந்தால் நுரையீரல் மருத்துவருக்கு அன்றே காட்டுங்கள். தொழில்சார் ஆஸ்துமாவை உண்டாக்குவதில் பெயர்பெற்றது அது.

பல்லைப் பொறுத்தவரை, தள்ளிப்போடாதீர்கள். சீழ் பிடித்த பல்தான் பெரிய ஆபத்து. காலையின் முதல் நேரத்தைக் கேளுங்கள். கிராம்பு எண்ணெய், கிருமிநாசினி வாடை அறையில் ஏறியிராது. லேடெக்ஸ் உறை ஒத்துக்கொள்ளாது என்றால் நைட்ரைல் உறை போடச் சொல்லுங்கள். முன்பு எந்த மருந்துக்கு என்ன ஆனது என்று எழுதிக் கொடுங்கள். "எல்லா மருந்தும் ஒவ்வாமை" என்று எழுதாதீர்கள், அவசரத்தில் உயிர்காக்கும் மருந்தையே தயங்கிக் கொடுப்பார்கள். மரத்துப்போகும் ஊசியில் அட்ரினலின் கலந்திருந்தால் இரண்டு மூன்று நிமிடம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அது ஒவ்வாமை அல்ல, தானே அடங்கும். வேண்டாமென்றால் அட்ரினலின் இல்லாத ஊசியும் இருக்கிறது, முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். ஆஸ்துமா என்று அதற்குள் உறுதியாகியிருந்தால் இன்ஹேலரைக் கைப்பையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருங்கள்.