ஸ்போர்ட்டி ஹேட்ச்பேக்கா, செடானா? முதலில் பின்சீட்டில் உட்கார்ந்து பாருங்கள்

கேள்வி கேட்டவரின் நிலைமை இதுதான்: கோவையில் வேலை, சொந்த ஊர் தேனிப் பக்கம். மனைவி, இரண்டு வயதுக் குழந்தை. தினமும் அலுவலகத்துக்குத் தனியாகப் போய்வருகிறார், மாதம் ஒருமுறை குடும்பத்தோடு ஊருக்கு. ஹூண்டாய் ஐ20 ஹேட்ச்பேக்கின் (டிக்கி தனியாக வெளியே நீளாத கார்) ஸ்போர்ட்டி வடிவமான என் லைன் வாங்குவதா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் 1.0 செடான் (டிக்கி பின்னால் தனியாக நீளும் கார்) வாங்குவதா என்று மூன்று மாதமாகக் குழம்புகிறார். "எனக்கு ஓட்டுவதில் ஆசை அதிகம், வீட்டில் எல்லோரும் செடான் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

நான் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவன். டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றை ஆறு வருடம் ஓட்டினேன். அதை விற்றுவிட்டு மூன்று வருடமாக ஒரு செடான் வைத்திருக்கிறேன். இரண்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் கருத்துப்பெட்டியில் ரசிகர் மன்றச் சண்டை ஆரம்பித்துவிடும்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைத் தள்ளி வைத்துவிடலாம். ஹேட்ச்பேக் என்றால் ஓட்டுகிறவனுக்கு, செடான் என்றால் குடும்பத்துக்கு என்று நீங்களே பிரித்துக்கொண்டுவிட்டீர்கள். நீங்கள் சொன்ன இரண்டு வண்டிக்கும் அந்தப் பிரிவினை பொருந்தாது. என் லைனில் 998 சிசி டர்போ இன்ஜின், 120 பிஎஸ் சக்தி, 172 நியூட்டன் மீட்டர் இழுவிசை. விர்டஸில் 999 சிசி டர்போ, 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர். இரண்டுமே மூன்று சிலிண்டர். பிக்கப் என்று நாம் சொல்கிறோமே, பல்லடம் ரோட்டில் லாரியைத் தாண்டும்போது மூன்றாவது கியரில் முதுகைப் பிடித்துத் தள்ளும் அந்த விஷயம், இரண்டிலும் தாராளமாக இருக்கிறது. என் லைனில் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கனமாக்கி, சஸ்பென்ஷனை (குலுக்கலைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பை) இறுக்கி, சைலன்சர் சத்தத்தையும் மாற்றியிருக்கிறார்கள். வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் தனியாகப் போனால் அந்த வித்தியாசம் தெரியும், சந்தோஷமாகவும் இருக்கும். சரவணம்பட்டி சிக்னலில் இரண்டும் ஒன்றுதான்.

ஆக, ஓட்டும் சுகத்தை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. எனக்கு இது புரிந்த விதத்தைச் சொல்கிறேன்.

ஹேட்ச்பேக் வாங்கி நாலு வருடம் ஆகியிருந்த சமயம். கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். கண்பாப்பாவை விரிய வைக்கும் சொட்டு மருந்து விட்டுவிட்டார்கள், வெளியே வந்தால் வெயில் ஊசியாகக் குத்துகிறது. மனைவி வண்டியை எடுத்தாள். முன்சீட்டில் மாமனார். நான் பின்னால், மகளின் குழந்தை இருக்கைக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டேன். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. என் சொந்த வண்டியின் பின்சீட்டில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாலு வருடத்தில் முதல் தடவை!

அவிநாசி ரோட்டிலிருந்து சிங்காநல்லூர் வருவதற்குள் எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. முன்னால் உட்கார்ந்து ஓட்டும்போது "ரோட்டோடு ஒட்டிப் போகுது" என்று நான் பெருமை பேசிய அதே சஸ்பென்ஷன், பின்னால் ஒவ்வொரு ஒட்டுப்போட்ட தார்த் திட்டையும் இடுப்பு எலும்பில் எண்ணிக் காட்டியது. பின்சக்கரம் கிட்டத்தட்ட இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது, குழியில் சக்கரம் இறங்கினால் நாமும் கூடவே இறங்குகிறோம். சாலையின் இரைச்சல் வேறு. ஜன்னலின் கீழ்விளிம்பு பின்பக்கம் போகப்போக மேலே ஏறுகிற டிசைன், வெளியே இருந்து பார்க்க அவ்வளவு அழகு. உள்ளே மகளின் உயரத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். கறுப்புக் கதவும் ஒரு துண்டு வானமும்தான் தெரிந்தன. ஊருக்குப் போகும்போதெல்லாம் உடுமலை தாண்டுவதற்குள் அவள் வாந்தி எடுப்பது பால் ஒத்துக்கொள்ளாததால் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது இப்படித்தான் எப்பவும் குதிக்குமா?" என்று கேட்டேன்.

மனைவி கண்ணாடியில் பார்த்தாள். "என்னங்க, இப்பத்தான் தெரியுதா?"

மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அதனால் உங்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி: மனைவி எங்கே உட்காரப்போகிறார்? இரண்டு வயதுக் குழந்தை என்றால் இன்னும் மூன்று வருடமாவது அவர் பின்சீட்டில்தான். தேனிக்கு நாலு, நாலரை மணி நேரம். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு அடுத்து வரும் பள்ளம் கண்ணுக்குத் தெரியும், உடம்பு தானாகத் தயாராகிவிடும். பின்னால் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது.

அளவுகளைப் பார்த்தால் வித்தியாசம் சின்னதாகத்தான் தோன்றும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஐ20யில் 2580 மி.மீ., விர்டஸில் 2651 மி.மீ. ஒரு ஜாண்கூட இல்லை. ஆனால் அந்த 71 மில்லிமீட்டரும் கொஞ்சம் இளகிய ஸ்பிரிங்கும் சேரும்போது பின்சீட்டின் கதை மாறுகிறது. அப்புறம், செடானில் டிக்கி தனி அறை. பின்சக்கரச் சத்தம் பாதி அங்கேயே தங்கிவிடும். ஹேட்ச்பேக்கில் டிக்கியும் உட்காரும் இடமும் ஒரே கூடு, நடுவில் இருப்பது ஒரு தட்டுதான். ஒரு முறை ராமேஸ்வரத்திலிருந்து கருவாடு வாங்கி வந்தோம். மூன்று பிளாஸ்டிக் பை, மேலே ஒரு துணிப்பை. பரமக்குடி வரும்போதே எல்லா ஜன்னலும் இறங்கிவிட்டன. வாசனை போக ஒரு மாதம் ஆனது. அலுவலக நண்பர் ஒருவர் வண்டியில் ஏறியதும் எதுவும் பேசாமல் கண்ணாடியை இறக்குவார்.

சரி, செடானே வாங்கிவிடலாம் என்று எழுந்துவிடாதீர்கள். செடான் வந்தபிறகு நான் பட்டதையும் கேளுங்கள்.

விர்டஸின் டிக்கி 521 லிட்டர், ஐ20யுடையது 311. எண்ணைப் பார்த்தால் போட்டியே இல்லை. ஆனால் லிட்டர் கணக்கில் டிக்கியின் வயிறுதான் தெரியும், வாய் தெரியாது. கொழுந்தியாளுக்குச் சீராகக் கொடுக்க ஒரு வெட் கிரைண்டர் வாங்கினோம் (கோயம்புத்தூரில் இருந்துகொண்டு வேறென்ன வாங்குவது). அட்டைப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால் டிக்கி மூடாது. படுக்க வைக்கக் கூடாது என்று பெட்டிமேலேயே அம்புக்குறி போட்டிருக்கிறது. கடைப்பையன் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, சீட்லயே வெச்சுக்கலாங்ண்ணா" என்றான். பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டு, மாப்பிள்ளை மாதிரி கூட்டிக்கொண்டு போனோம். பழைய ஹேட்ச்பேக்காக இருந்தால் பின்சீட்டில் ஒரு பாதியை மடக்கிவிட்டு இரண்டு நிமிடத்தில் ஏற்றியிருப்பேன். மகளின் சைக்கிள், துணி காயப்போடும் ஸ்டாண்ட், ஒரு தடவை தென்னங்கன்று எட்டு, எல்லாமே அதில் வந்திருக்கின்றன. பெட்டி படுக்கை, அரிசி மூட்டை, தேங்காய்ச் சாக்கு என்றால் செடான் ராஜா. உயரமான பொருள் எது என்றாலும் ஹேட்ச்பேக்தான்.

அம்மாவின் முழங்கால் இன்னொரு பஞ்சாயத்து. பெற்றோருக்குச் செடான்தான் வசதி என்று எல்லோரும் சொல்வார்கள். உட்கார்ந்த பிறகு வசதிதான், கால் நீட்டலாம், சாய்ந்துகொள்ளலாம். ஆனால் ஏறி இறங்க வேண்டுமே. செடானின் இருக்கை தாழ்வு, கூரை பின்னால் சரிந்து வரும், தலையைக் குனிந்துகொண்டே இடுப்பை இறக்க வேண்டும். முதல் நாள் அம்மா சொன்னது: "ஏஞ்சாமி, கெணத்துக்குள்ள எறங்கற மாதிரியில்ல இருக்குது." இப்போதும் இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொள்ள ஒரு கை நீட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் பெற்றோரும் அடிக்கடி வருவார்கள் என்றால் அவர்களையும் ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். ஐ20யும் ஒன்றும் உயரமான வண்டி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நிறுத்தும் இடம். ஐ20 நீளம் 3995 மி.மீ., விர்டஸ் 4561. கிட்டத்தட்ட இரண்டடி கூடுதல். ஆனால் அகலத்தில் ஐ20தான் பெரியது, 1775க்கு 1752. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பக்கவாட்டில் இடிக்கிற சந்து என்றால் ஹேட்ச்பேக் உங்களைக் காப்பாற்றாது. எங்கள் போர்ட்டிகோவில் செடானை நிறுத்திவிட்டு கேட்டைச் சாத்தினால் பம்பருக்கும் கேட்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. முதல் வாரமே கேட்டின் தாழ்ப்பாள் பம்பரில் ஒரு கோடு போட்டது, அது இன்னும் இருக்கிறது. கிராஸ் கட் ரோட்டில் தீபாவளி நேரத்தில் ஒரு சந்து கிடைத்து, அதில் வண்டி அடங்காமல் பைக்கில் வந்த மூன்று பேர் பார்க்கத் திரும்ப வெளியே எடுக்கும் அவமானமும் செடானுக்கே உரியது. வேகத்தடையையும் நினைவில் வையுங்கள். சக்கரங்களுக்கு இடையே நீளம் கூடினால் நடுவயிறு உரச வாய்ப்பு அதிகம். ஐந்து பேரும் மூட்டையும் இருக்கும்போது நான் குறுக்காகத்தான் ஏற்றி இறக்குகிறேன். விர்டஸ் தரையிலிருந்து 179 மி.மீ. என்பதால் செடான்களில் அது பரவாயில்லை ரகம்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதில் பெரிய இடைவெளி இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் பெட்ரோலில் 1200 சிசிக்கு மிகாத இன்ஜினும் உள்ள காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு மேல் 40. விர்டஸ் இன்ஜின் 999 சிசிதான், நீளம்தான் அதை 40க்குத் தள்ளுகிறது. (ஐந்து மில்லிமீட்டர் மிச்சம் வைத்து 3995இல் இத்தனை கார்கள் ஏன் நிற்கின்றன என்று இப்போது புரிந்திருக்கும். மாருதியின் டிசைர் செடான் முதலில் வந்தபோது 4160 மி.மீ. இருந்தது. 2012இல் வந்த அடுத்த டிசைரின் வாலை வெட்டி 3995 ஆக்கியதும் இந்த மாதிரி வரிச்சலுகைக்காகத்தான்.) தமிழ்நாட்டில் ஆயுள் வரியும் இருக்கிறது. 2023இல் மாற்றிய விகிதப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. அந்தக் கோட்டை ஒட்டிய விலையில் ஒரு சன்ரூஃப் ஆசைப்பட்டு மேலே ஏறினால் ஐம்பதாயிரம் ரூபாய் வரியாகப் போகும். டீலர் இதை வாயைத் திறந்து சொல்லமாட்டார், ஆன்ரோடு விலையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் எனக்குச் செடான் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. விர்டஸ் 2023இல் குளோபல் என்கேப் (கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பை மதிப்பிடும் அமைப்பு) சோதனையில் பெரியவர்கள், குழந்தைகள் இரண்டுக்குமே 5 நட்சத்திரம் வாங்கியது. ஐ20 2022இல் 3 நட்சத்திரம். அப்போது சோதித்தது இரண்டு ஏர்பேக் உள்ள சாதாரண மாடல், இப்போதைய என் லைனில் ஆறு இருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

மைலேஜ், சர்வீஸ் செலவு பற்றி எழுத ஒன்றுமில்லை. டர்போ பெட்ரோலை மிதித்தால் குடிக்கும், எந்த உடம்பில் இருந்தாலும். பெட்ரோல் டாங்க் மட்டும் விர்டஸில் 45 லிட்டர், ஐ20யில் 37. ஊர் போய்த் திரும்பும் கணக்கு உங்களுடையது.

என்னைக் கேட்டால் உங்களுக்கு விர்டஸ். காரணம் நான் மேலே சொன்ன பின்சீட் ஒன்றுதான். குழந்தை இல்லாமல் இருந்தாலோ, மனைவி முன்சீட்டில் வருவார் என்றாலோ, யோசிக்காமல் என் லைன் என்றுதான் எழுதியிருப்பேன். "அப்போ டர்போ இல்லாத சாதாரண ஐ20 1.2 வாங்கலாமே, சஸ்பென்ஷன் இளக்கமாக இருக்குமே" என்று யாராவது யோசனை சொல்லலாம். நல்ல வண்டிதான். ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தவரைக்கும், அதை வாங்கினால் ஆறு மாதத்தில் இங்கே இன்னொரு கேள்வி போடுவீர்கள்.

என் முடிவையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டெஸ்ட் டிரைவுக்கு மனைவி, குழந்தையோடு போங்கள். முதல் பத்து நிமிடம் நீங்கள் ஓட்டுங்கள், ஆசை தீர மிதியுங்கள். அப்புறம் ஷோரூம்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்காருங்கள். அவர்கள் எப்போதும் புதிதாகத் தார் போட்ட ரோட்டில்தான் கூட்டிப்போவார்கள், உங்கள் தெருப் பக்கம் விடச் சொல்லுங்கள். வீட்டிலிருக்கும் குழந்தை இருக்கையைக் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். மாட்டிய பிறகு பக்கத்தில் மனைவிக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் போர்ட்டிகோவை டேப் வைத்து அளந்துவிடுங்கள், கேட் உள்பக்கமாகத் திறக்கும் வீடு என்றால் கேட்டின் அகலத்தையும் கழித்துவிட்டு.