தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாநகராட்சி அனுமதி வேண்டுமா?

வீட்டு வாசலில் வெடிக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். ஆனால் நேரக் கட்டுப்பாடு உண்டு. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இரவு 8 முதல் 10 வரைதான் என்றது. நமக்குத் தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் தொடங்கிவிடுகிறதே! தமிழக அரசு முறையிட்டதும், மொத்தம் இரண்டு மணி நேரம் என்ற வரம்புக்குள் மாநிலமே நேரத்தைப் பிரித்துக்கொள்ள நீதிமன்றம் இசைந்தது. அப்படி வந்ததுதான் காலை 6–7, இரவு 7–8.

குடியிருப்போர் சங்கமாக மைதானத்தில் கூடி வெடிப்பதென்றால், மாவட்ட நிர்வாகத்திடமும் உள்ளாட்சி அமைப்பிடமும் முன்அனுமதி பெறுங்கள். அரசு ஊக்குவிக்கும் முறையும் இதுதான். கடை போடுவது வேறு கதை: வெடிபொருள் விதிகள் 2008-இன்படி உரிமம் கட்டாயம். சென்னையில் அதைத் தருபவர் காவல் ஆணையர். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றும் கேட்பார்கள்.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், வழிபாட்டுத் தலம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே வெடிக்கவே கூடாது. நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிக்கும், சரவெடிக்கும் தடை இருக்கிறது.

எங்கள் தெருவில் பிள்ளைகள் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு ஆறு மணிக்காகக் காத்து நிற்பார்கள். எதிர்வீட்டுப் பாட்டிக்கு இழுப்பு. ஏழு அடித்ததும்தான் ஜன்னலைத் திறப்பார். அந்த ஒரு மணிக்கணக்கை அவருக்காகவாவது மீறாதீர்கள்.