மாசி வீதியில் சித்திரைத் தேர் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மதுரை பற்றிய கட்டுரையில், இன்றைய ஊரின் வீதியமைப்பு நாயக்கர் காலத்தது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். பரிபாடலே மதுரையைத் தாமரைப்பூ என்கிறதே, கோயிலைச் சுற்றி இதழ் இதழாகத் தெருக்கள் இருந்ததாகப் பாடுகிறதே! பிறகு எப்படி அது 16ஆம் நூற்றாண்டுச் சங்கதி ஆகும்? இன்னொன்று. மாதப் பெயர்களை வீதிக்கு வைத்தவர்கள், சித்திரைத் திருவிழாத் தேரை மட்டும் ஏன் மாசி வீதியில் ஓட்டுகிறார்கள்?

கே., விருதுநகர்

அன்புள்ள கே.,

உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. பரிபாடலை முதலில் பார்த்துவிடுவோம்.

'மாயோன் கொப்பூழ் மலர்ந்த தாமரைப் பூவொடு புரையும் சீரூர்' என்று தொடங்கும் அந்தப் பாட்டில், இதழ்கள் தெருக்கள், நடுப்பொகுட்டு (பூவின் நடுக்கொட்டை) 'அண்ணல் கோயில்'. நாம் உடனே மீனாட்சி கோயிலை நினைத்துவிடுகிறோம். சங்கத் தமிழில் கோயில் என்றால் அரசன் இல்லம். அடுத்த வரிகளையும் சேர்த்துப் படியுங்கள். தமிழ்க்குடிகள் பூவின் தாது போன்றவர்கள், பரிசில் பெற்று வாழ்பவர்கள் தாதுண்ண வரும் பறவைகள். பரிசில் கொடுப்பவன் பாண்டியன். ஆக, பாட்டின் நடுவே இருப்பது அரண்மனை என்று கொள்வதே பொருத்தம். நடுவில் ஒன்று, அதைச் சுற்றித் தெரு என்ற அமைப்பு பழையது, சந்தேகமில்லை. ஆனால் அதை வைத்து இன்றைய மேலமாசி வீதி சங்ககாலத்தது என்று சொல்ல முடியாது.

இதற்குத் தரையிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. அம்மன் சன்னதியிலிருந்து விளக்குத்தூண் நோக்கிப் போகிற வழியில் விட்டவாசல் என்று ஒரு கல்வாசல் உண்டு. உள்ளே முனீஸ்வரர் இருக்கிறார், சூடமும் மாலையுமாக. பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசல் என்று சொல்லப்படுவது அது. கோட்டையை இடித்தபோது இதை மட்டும் விட்டுவைத்ததால் விட்டவாசல். அது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள்: கீழமாசி வீதிக்கு உள்ளே தள்ளி. ஊரின் மதில் அங்கே முடிந்திருந்தால், மாசி வீதி அன்று ஊருக்கு வெளியே. விசுவநாத நாயக்கர் (1529–1564) பழைய கோட்டையை இடித்துப் பெரிதாக எழுப்பிய பிறகுதான் அந்தச் சுற்று மதிலுக்குள் வந்தது. புதிய கோட்டைக்கு 72 கொத்தளம், பாளையத்துக்கு ஒன்றாக 72 பாளையக்காரர்கள் பொறுப்பு என்பது மரபுச் செய்தி. அந்தக் கோட்டையின் ஒரு துண்டு பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மிஞ்சியிருக்கிறது. விட்டவாசலையும் அதையும் ஒரே நாளில் நடந்து பார்த்தால் ஊர் எவ்வளவு பருத்தது என்பது காலுக்கே தெரியும்.

இனி தேர். ஆடி வீதி கோயில் மதிலுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்தால் சித்திரை, அடுத்து ஆவணி மூலம், அதற்கடுத்து மாசி. ஒரு காலத்தில் அந்தந்த மாதத் திருவிழா அந்தந்த வீதியில் நடந்தது என்றும், மாசியில் நடந்த திருக்கல்யாணத்தையும் தேரையும் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவோடு இணைத்தார் என்றும் மதுரையில் சொல்வார்கள். மாசியில் வயலில் வேலை இருக்கும், சித்திரையில் கையில் காசும் ஓய்வும் இருக்கும் என்று காரணமும் சேர்த்துச் சொல்வார்கள். மாதம் மாறியது, தேர் பழைய தடத்திலேயே ஓடியது, வீதிப் பெயர் அப்படியே தங்கிவிட்டது.

தேரை உள்சுற்றுக்குக் கொண்டுவராமல் விட்டதற்குப் பக்தியைவிடத் தச்சுவேலைதான் காரணம் என்பது என் எண்ணம். பெரிய மரத்தேருக்கு அச்சு சட்டத்தோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மாட்டு வண்டிபோல் முன்பக்கத்தை ஒடித்துத் திருப்ப வழியில்லை. திருப்புவது முழுக்க முட்டுக்கட்டை போடுகிறவர் கையில். சரிவாகச் செதுக்கிய கட்டையை உருளும் சக்கரத்தின் ஓரத்தில் செருகுவார். சக்கரம் கட்டையின் சரிவில் ஏறி வழுக்கி மறுபக்கம் நகரும். ஒரு தடவைக்குச் சில அங்குலம்தான். நேர்வீதியில் இது போதும். மூலையில் கால்வட்டம் திரும்ப வேண்டும். ஒருபக்க வடத்தைத் தளர்த்தி, மறுபக்கத்தை இழுத்து, கட்டையை மாற்றி மாற்றிப் போட்டு, திரும்பத் திரும்ப அதையே செய்ய வேண்டும். கட்டை ஒரு நொடி பிந்தினால் தேர் முகப்பு வீட்டுத் தாழ்வாரத்தில் போய் இடிக்கும். முந்தினால் சக்கரம் கட்டைமேல் முழுதாக ஏறி நின்றுவிடும். பிறகு பின்னாலிருந்து தடிபோட்டு நெம்பித்தான் கிளப்ப வேண்டும்.

ஆகவே தேர்வீதிக்குத் தேரின் அகலம் மட்டும் இருந்தால் போதாது. சக்கரத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே கட்டை போடுகிறவர் குனிந்து நிமிர இடம் வேண்டும். மூலையில் தேரின் குறுக்களவுக்கும் இடம் வேண்டும். வடம் பிடிப்பவர்கள் தேருக்கு முன்னால் அடுத்த வீதிக்குள் முழுதாக நுழைந்திருக்க வேண்டும். இங்கே ஓடுவது ஒன்றல்ல, இரண்டு: பெரிய தேரில் பிரியாவிடை அம்மனுடன் சுவாமி, சின்னத் தேரில் மீனாட்சி. நகரத் திட்டம் என்று நாம் வியப்பதில் பெரும்பங்கு இந்தக் கணக்குதான். அந்தத் தடம் இன்றைக்கும் அடைபடாமல் இருப்பதற்கும் தேரே காரணம். திண்ணையை ஒரு முழம் நீட்டியவனைச் சித்திரையில் கண்டுபிடித்துவிடும். வருடம் ஒருமுறை வரும் சர்வேயர்! ஆனால் அது பக்கவாட்டை மட்டும்தான் காக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டுத் தெருமட்டம் உயர்ந்தால், பழைய வீட்டு வாசற்படி பள்ளத்துக்குப் போகும், ஒரு மழைக்கே தண்ணீர் நடைக்குள் வந்துவிடும். அதைத் தேர் கண்டுகொள்வதில்லை.

மாசிக்கு அடுத்த சுற்றில் மாதப் பெயர் தீர்ந்துவிடுகிறது, கவனித்தீர்களா? பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி, வெளி வீதி. இரண்டு ஆள் பெயர், ஓர் இடப் பெயர். இங்கே பேசுவது கோயில் அல்ல, கலெக்டர் கச்சேரி. 1840களை ஒட்டி, பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது நாயக்கர் கோட்டையை இடித்தார்கள். அகழியில் தேங்கிய தண்ணீர்தான் காய்ச்சலுக்குக் காரணம் என்று அன்று நம்பினார்கள். உள்ளே நெரிசல் வேறு. இடிக்கச் செலவாகுமே என்பதற்குச் சுலபமான வழி கண்டார்கள். மதிலை இடித்து அகழியைத் தூர்க்கிறவர்களுக்கே அந்த மனை. இடிபாட்டைச் சுமந்துபோகும் வேலையும் மிச்சம், பக்கத்துப் பள்ளத்தில் தள்ளினால் போதும். அளந்து பிரிக்க உதவியவர்களின் பெயர்தான் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும். கோட்டைக்கு வெளியே என்பதால் வெளி வீதி. பிளாக்பர்ன் நினைவாக ஊரார் நட்டதுதான் விளக்குத்தூண்.

இந்தச் சுற்றில் வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தூர்த்த அகழியும் கெட்டித்தரையும் ஒரே மனைக்குள் வந்தால், இரண்டும் ஒரே அளவில் அமிழாது. நிரப்பு மண் பக்கம் மட்டும் இறங்கும். சுவரில் சாய்வாக, ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பும் விரிசல் விழும். மேலே பூசி மறைப்பதில் பயனில்லை. ஒரே குழியோடு நிறுத்தாமல் மனையின் நான்கு மூலையிலும் தோண்டிப் பார்த்து, செங்கல் துண்டும் சுண்ணாம்புக் காரையும் கலந்த மண் எவ்வளவு ஆழம் வரை போகிறது என்று தெரிந்துகொண்டு, அதைத் தாண்டி அடித்தளத்தை இறக்க வேண்டும்.

மதில் போனதும் ஊர் மேற்கே ரயிலை நோக்கியும், 1880களின் இறுதியில் ஏ.வி. (ஆல்பர்ட் விக்டர்) பாலம் வந்த பின் வைகைக்கு வடக்கேயும் ஓடியது. அங்கே சதுரமும் இல்லை, சுற்றும் இல்லை. அந்தக் கதை வேறு. கோயிலிலிருந்து 1 கி.மீ. ஆரத்துக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்ற விதி ஒன்றுதான் இன்று பழைய சுற்றுகளை அதிகாரபூர்வமாக நினைவில் வைத்திருக்கிறது, அதுவும் மீறப்பட்டபடியே.

கடிதத்தின் ஓரத்தில், திருமலை நாயக்கர் மகாலுக்குப் பக்கத்தில் சந்துக்குள் தனியாக நிற்கும் தூண்கள் எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். அவை எதையும் தாங்குவதற்காக இன்று நிற்கவில்லை. திருமலை நாயக்கர் அரண்மனையில் சொர்க்கவிலாசம், ரங்கவிலாசம் என்று இரண்டு பெரும் பகுதிகள். நீங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தது சொர்க்கவிலாசத்தில் மிஞ்சியது. பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது கழற்றிக்கொண்டு போனவை போக எஞ்சியதை, 1866–72இல் கவர்னர் நேப்பியர் பழுதுபார்க்க வைத்தார். ரங்கவிலாசத்துக்கு அந்த யோகம் இல்லை. அதில் மிஞ்சியவைதான் அந்தப் பத்துத்தூண்கள். சந்துக்கே அதுதான் பெயர். அடுத்தமுறை போனால் காலையில் ஜவுளிக்கடைகள் திறப்பதற்குள் போங்கள். கடை திறந்துவிட்டால் தூணின் அடிப்பகுதி தெரியாது.