கண்மாய்ல கரண்டைத் தேக்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல தண்ணியை மேல ஏத்தியும் காத்தை அமுக்கியும் கரண்டைச் சேமிக்கிறதைப் பத்திச் சின்னதா ஒரு குறிப்பு போட்டோம். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்துல இருந்து நிறையக் கடுதாசி வந்திருக்கு, எல்லாமே நல்ல கேள்வி. முடிஞ்ச வரைக்கும் இங்க பதில் சொல்றோம்.

கேள்வி: எங்க ஊர் பக்கத்துல அவ்வளவு பெரிய சோலார் இருக்கு, பொழுது அடைஞ்சா ஒண்ணும் இல்ல. எங்ககிட்ட கண்மாய்க்கா பஞ்சம்? பகல்ல ஒரு கண்மாய்ல இருந்து இன்னொரு கண்மாய்க்குத் தண்ணியை ஏத்தி வச்சு ராத்திரி திறந்து விட்டா கரண்ட் வராதா?
– கமுதி வாசகர்

வரும் தம்பி, ஆனா எவ்வளவு வரும்ங்கிறதுதான் விஷயம். தண்ணில சேர்ற சக்தி ரெண்டே ரெண்டைப் பொறுத்தது, எவ்வளவு தண்ணி, எவ்வளவு உயரம். கோயம்புத்தூர் மாவட்டம் ஆனைமலையில காடம்பாறைன்னு ஒரு நிலையம் இருக்கு, 1980கள் கடைசியில இருந்து ஓடுது, நாலு மெஷின், ஒவ்வொண்ணும் 100 மெகாவாட். கரண்ட் மிச்சமா இருக்கிற நேரம் மேல் ஆழியாறு தண்ணியைக் காடம்பாறை அணைக்கு ஏத்துறாங்க, சாயங்காலம் தேவை கூடும்போது அதே மெஷின் வழியாவே இறக்குறாங்க. அங்க உயரம் சுமார் 380 மீட்டர், அதனால ஆயிரம் லிட்டர் இறங்குனா கிட்டத்தட்ட ஒரு யூனிட்.

இப்ப நம்ம கண்மாய்க்கு வாங்க. நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைன்னு பேர் வாங்குன ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயையே எடுத்துக்குங்க, பரப்பு பெருசு, ஆனா உயரம் ஏது? தாராளமா அஞ்சு மீட்டர்னு வச்சுக்கிட்டாலும் ஒரு யூனிட்டுக்கு 73,000 லிட்டர் வேணும், அதாவது 12,000 லிட்டர் தண்ணி லாரி ஆறு. கமுதி சோலார் 648 மெகாவாட், அது முழு வேகத்துல ஓடுற ஒரே ஒரு மணி நேரத்துக் கரண்டை இப்படித் தேக்கணும்னா ஒன்றரை டிஎம்சிக்கு மேல தண்ணி ஏத்தணும், நாலு மணி நேரம்னா 6 டிஎம்சிய தாண்டிரும், வைகை அணை முழுசா நிரம்புனாலே அவ்வளவுதான் இருக்கும். குடிக்கிற தண்ணிக்கே குடத்தைத் தூக்கிட்டு அலையிற மாவட்டத்துல இந்த யோசனை வேண்டாம், கண்மாய் விவசாயத்துக்கு இருக்கட்டும்.

கேள்வி: தண்ணிதானே பிரச்சனை, ரெண்டு பக்கமும் கடல் இருக்கே? உப்புத் தண்ணிய ஏத்துனா என்ன?
– தொண்டி ஆசிரியை

டீச்சர், இதை ஜப்பான்காரங்க உண்மையிலேயே செஞ்சு பாத்திருக்காங்க. ஒக்கினாவா தீவுல 1999ல ஒரு நிலையம் ஓட ஆரம்பிச்சது, கடல்தான் கீழ்த் தொட்டி, கரையில இருந்து சுமார் 600 மீட்டர் உள்ள தள்ளி மேட்டு மேல எட்டுப் பட்டை வடிவத்துல ஒரு குளம் வெட்டி அங்க ஏத்துனாங்க, 136 மீட்டர் உயரம், 30 மெகாவாட். உப்பு அரிக்காம இருக்க பைப்புக்கு ஃபைபர், டர்பைனுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு பாத்துப் பாத்துப் போட்டாங்க, குளத்துத் தண்ணி மண்ணுல இறங்கிடக் கூடாதுன்னு அடி முழுக்க ரப்பர் ஷீட் விரிச்சாங்க. வேலை செஞ்சது, ஆனா 2016ல மூடிட்டாங்க. நம்ம பக்கம் அந்த மேடே கிடையாது. மேட்டைச் செயற்கையா கட்டுனாலும் அந்த ரப்பர்ல ஒரு கிழிசல் விழுந்தா சுத்துவட்டாரத்துக் கிணறு அத்தனையும் உப்பாகிரும், ஏற்கெனவே நல்ல தண்ணி ஊத்து எங்கெங்க மிச்சம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அந்த ரிஸ்க்கை இந்த மாவட்டம் எடுக்கவே கூடாதுன்னுதான் நான் சொல்வேன்.

கேள்வி: உப்புக்குள்ள காத்தை அடைச்சு வச்சு கரண்ட் எடுக்குறாங்கன்னு போட்டிருந்தீங்க. எங்க ஊர்ல ஏக்கர் கணக்குல உப்பளம் கிடக்கு, இங்க செய்யலாமா ஐயா?
– வாலிநோக்கம், உப்பளத் தொழிலாளி

ஐயா, நீங்க பாத்தி கட்டி வாருறது கடல் தண்ணி காய்ஞ்சு படியிற உப்பு, அது சில விரக்கடை கனம்தான். அவங்க சொல்றது பூமிக்கு அடியில பல நூறு மீட்டர் ஆழத்துல பாறையா இறுகிக் கிடக்கிற உப்பு. அதுல குழாய் இறக்கி நல்ல தண்ணிய விட்டுக் கரைச்சு வெளிய எடுத்தா உள்ள பெரிய குகை கிடைக்கும், சுவர்ல காத்து கசியாது. மிச்சக் கரண்ட்ல காத்தை அதுக்குள்ள அமுக்கி அடைச்சு, தேவைப்படும்போது திறந்து விட்டு டர்பைனைச் சுத்த வச்சுக் கரண்ட் எடுப்பாங்க. ஜெர்மனியில ஹண்டார்ஃப்ங்கிற இடத்துல 1978லயே இப்படி ரெண்டு குகையில காத்தை அடைச்சாங்க, அமெரிக்காவுல அலபாமா மாநிலம் மெக்கிண்டாஷ்ல 1991ல 110 மெகாவாட்டுக்கு ஒண்ணு வந்தது.

ஆனா இதுல ஒரு சங்கடம். பஞ்சர் கடை கம்ப்ரஸர் கொஞ்ச நேரம் ஓடுன பிறகு தொட்டா சுடும்ல, அதே மாதிரி காத்தை அமுக்கும்போது நாம குடுத்த கரண்ட்ல ஒரு பெரிய பங்கு சூடா மாறிடுது. பழைய நிலையங்கள்ல அந்தச் சூட்டை அப்படியே வெளிய விட்டுட்டு, காத்தைத் திரும்ப எடுக்கும்போது அது விரிஞ்சு உறையிற அளவுக்குக் குளிரும்ங்கிறதால கேஸ் எரிச்சுச் சூடாக்குறாங்க. ஹண்டார்ஃப்ல ஒரு யூனிட் வெளிய வர 0.8 யூனிட் கரண்டும் 1.6 யூனிட் அளவு கேஸும் போகுது. கேஸ் எரிக்கிறதைச் சேமிப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல. இப்ப சீனாவுல அந்தச் சூட்டையும் தனியா பிடிச்சு வச்சுத் திருப்பிக் குடுக்கிற மாதிரி கட்டுறாங்க, ஹூபே மாகாணத்துல யிங்செங்ல பழைய உப்புச் சுரங்கத்துல 300 மெகாவாட் நிலையம் 2024ல கிரிட்ல சேர்ந்திருக்கு. பாறை உப்பு இருக்கிற ஊருக்கு அது நல்ல வழி. உங்க உப்பளத்துல உப்பு மட்டும் எடுங்க.

கேள்வி: கடலுக்கு அடியில பலூன்ல காத்து அடைக்கலாமாமே?
– பாம்பன் மீனவர்

அண்ணே, கனடாவுல டொராண்டோ பக்கம் ஒரு ஏரியில 50 மீட்டருக்கு மேல ஆழத்துல 2015ல செஞ்சாங்க, மேல இருக்கிற தண்ணியோட கனம்தான் பலூனை அமுக்கிப் பிடிக்கும். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு பார் அழுத்தம்னு கணக்கு, ஒரு பார்னா கிட்டத்தட்ட நம்மைச் சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தம். பாக் நீரிணைப் பக்கம் அஞ்சாறு பாகத்துலயே (பத்து மீட்டர் வாக்குல) தரை தட்டிரும்ங்கிறது எங்களை விட உங்களுக்குத் தெரியும், அங்க அழுத்தமே இருக்காது. மன்னார் வளைகுடா பக்கம் தள்ளிப் போனா ஆழம் உண்டு, ஆனா அங்க 21 தீவும் 1986ல இருந்து தேசியப் பூங்கா, பவளப்பாறை மேல பைப் இழுக்கிறதை நீங்களே ஒத்துக்க மாட்டீங்க.

கேள்வி: அப்ப எங்க மாவட்டத்துக்கு வழியே இல்லையா?
– முதுகுளத்தூர் கல்லூரி மாணவர்

இருக்கு தம்பி. பகல் வெயிலைக் கம்பி வழியா மலைக்கு அனுப்புங்க, அங்க தண்ணியா ஏத்தி வச்சுச் சாயங்காலம் திருப்பி வாங்குங்க, போற வர வழியில நூத்துக்கு இருபது முப்பது யூனிட் போனாலும் மிச்சம் கையில வரும். நீலகிரியில குந்தா திட்டம் 500 மெகாவாட்டுக்குக் கட்டிட்டு இருக்காங்க, அது சீக்கிரம் முடியணும், அது மாதிரி இன்னும் வரணும், கூடவே தெற்கத்தி லைன்களும் பலமாகணும். ரெண்டு நாலு மணி நேரத் தேவைக்கு சப்ஸ்டேஷன் பக்கத்துலயே பேட்டரி வைக்கலாம், உப்புக் காத்துக்குத் தாங்குற மாதிரி மூடி வச்சா சரி.

கேள்வி: மாடியில ஆயிரம் லிட்டர் சிண்டெக்ஸ் டேங்க் இருக்கு. அதுல தண்ணி ஏத்தி வச்சு ராத்திரி லைட் எரிக்கலாமா?
– பரமக்குடி இல்லத்தரசி

பத்து மீட்டர் உயரம்னே வச்சாலும் டேங்க் முழுசும் இறங்குனா 27 வாட் அவர்தான் அக்கா. சேதாரமே இல்லன்னா ஒரு 9 வாட் எல்இடி பல்பு மூணு மணி நேரம் எரியும், சின்ன டர்பைன்ல பாதி போயிடும். ஒரு 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியில 84 வாட் அவர் இருக்கும், அது அதை மாதிரி மூணு டேங்க்குக்குச் சமம்.