அப்பாவின் ஸ்பிளெண்டர்: இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்

குடியாத்தத்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "2001இல் அப்பா வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டர் இது. முழங்கால் வலியால் அவர் ஓட்டுவதை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வண்டி தாழ்வாரத்தில் உறை போட்டு நிற்கிறது. எனக்கு வேலூரில் வேலை கிடைத்திருக்கிறது. இதிலேயே தினமும் போய்வரலாம் என்று பார்க்கிறேன். இருபது முறை கிக்கரை உதைத்தால்தான் கிளம்புகிறது. இழுவை இல்லை, கறுப்பாகப் புகைக்கிறது. போர் செய்து பிஸ்டன் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் ஏலகிரிக்குப் போகவும் ஆசை."

போர் செய்வது என்றால் இன்ஜினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது. இப்போதைக்குச் செய்யாதீர்கள். கடிதத்தில் 'கறுப்பாக' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் சொல்கிறேன். கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது காற்று போதவில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்த இன்ஜின் நீலம் கலந்த வெள்ளையாகப் புகைக்கும், ஆயில் கருகும் வாடை வரும், ஆயில் மட்டமும் குறைந்துகொண்டே போகும். காலையில் கிளப்பியதும் சிறிது நேரம் மட்டும் அப்படிப் புகைத்துவிட்டு அடங்கினால் பெரும்பாலும் வால்வு சீல்தான். அதற்கும் போர் செய்யத் தேவையில்லை.

இதே குறையோடு ஒருவர் என் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வேறோர் இடத்தில் பிஸ்டன் செட்டுக்கு முன்பணமும் கொடுத்திருந்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால், காற்று நுழையும் வாயில் குளவி கட்டிய மண்கூடு இருந்தது. கோழிமுட்டை அளவு இருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன், இரண்டாகப் பிளந்தது. குஞ்சுகளுக்காகக் குளவி உள்ளே அடைத்து வைத்த சிலந்திகள் காய்ந்து கிடந்தன. கூட்டை எடுத்துவிட்டு ஃபில்டரை மாற்றி, கார்புரேட்டரைச் சுத்தம் செய்து கொடுத்தேன். அந்த வண்டியில் பிஸ்டனை இன்றுவரை யாரும் தொடவில்லை. நம் ஊர்ப் பக்கம் மூன்று மாதம் அசையாமல் நிற்கும் எந்தப் பொருளிலும் குளவி கூடு கட்டும். உங்கள் வண்டி நின்றதோ மூன்று ஆண்டுகள். சைலன்சர் முனையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அடுத்தது பெட்ரோல். தொட்டியில் இருப்பதை முழுவதும் வடித்துவிடுங்கள். மூன்று ஆண்டு நின்ற பெட்ரோல் வார்னிஷ் போல மாறி, கார்புரேட்டரில் உள்ள பைலட் ஜெட்டின் மயிரிழைத் துளையை அடைத்துவிடும். அந்தத் துளையைச் செம்புக் கம்பியால் குத்த விடாதீர்கள். துளை பெரிதானால் மைலேஜ் அன்றோடு போயிற்று. கிளீனர் ஸ்பிரேயும் காற்றழுத்தமும் போதும். தொட்டிக்குள் துரு தெரிந்தால் அதைச் சுத்தம் செய்த பிறகே புதுப் பெட்ரோல் ஊற்ற வேண்டும்.

இன்று பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். உங்கள் வண்டி அதற்காகச் செய்யப்பட்டதன்று. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்பவும் வெடிக்கவும் வைக்கும். ஆகவே பெட்ரோல் குழாய், காக் (தொட்டியின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) வாஷர், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் நீடில் ஆகியவற்றை இப்போதே மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. இனி இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை நிறுத்த நேர்ந்தால் காக்கை மூடி, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி உள்ளிருப்பதை இறக்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். வெயிலில் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். பழைய பருத்திப் புடவை ஒன்று போதும்.

இதையெல்லாம் செய்து, டேப்பட்டை, அதாவது வால்வு இடைவெளியை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்து, புதுப் பிளக்கை 0.6 முதல் 0.7 மி.மீ. இடைவெளியில் போட்ட பிறகும் இழுவை வரவில்லையென்றால், சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு கசிகிறது. இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் யார் போர் செய்யச் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆயிலைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும். 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ என்று போட்ட நான்கு ஸ்ட்ரோக் பைக் ஆயில்தான் வேண்டும். கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். இந்த இன்ஜினில் மாற்றிப்போடும் காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. வலப்பக்க மூடிக்குள் ஒரு வலையும், சுழன்றே அழுக்கைப் பிரிக்கும் ஒரு கிண்ணமும் இருக்கின்றன. மூடியைக் கழற்றும் வேலை என்பதால் பல இடங்களில் அதைத் தொடுவதே இல்லை. இருபது ஆண்டுச் சேறு அங்கே களிம்பு போல அப்பியிருக்கும். ஒருமுறை திறந்து வழிக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே நின்று பாருங்கள். ஆயில் அளவு பார்க்கும்போது மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, குச்சியைத் திருகாமல் வெறுமனே உள்ளே விட்டு எடுங்கள்.

இதுவரை எழுதியதைவிட எனக்குப் பெரிய கவலை டயரும் பிரேக்கும்தான். கிளம்பாத இன்ஜினால் உயிருக்கு ஆபத்தில்லை. வெடிக்கிற டயரால் உண்டு. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2416 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 24ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் இவ்வளவு பழைய டயரை நம்பாதீர்கள். கட்டைவிரலால் பக்கவாட்டை மடக்கிப் பாருங்கள், மயிர்க்கோடுகளாக வெடிப்பு தெரியும். டியூபையும் சேர்த்தே மாற்றுங்கள். காற்று, முன்னால் 25 பி.எஸ்.ஐ., பின்னால் 28. பின்னிருக்கையில் ஆள் ஏறினால் பின்சக்கரத்துக்குக் கூடுதல் காற்று வேண்டும்; அந்த அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். வேலூர் வெயிலில் தார் கொதிக்கும் மதிய வேளையில் பார்க்கும் காற்று கணக்கில் சேராது. காலையில், ஓட்டுவதற்கு முன்னால் பாருங்கள்.

கிளட்ச் வயர், முன் பிரேக் வயர் இரண்டையும் லீவரில் மாட்டியிருக்கும் முனையில் பாருங்கள். லீவரை முழுவதும் அழுத்திப் பிடித்தால் வயர் ஈயக் குமிழுக்குள் நுழையும் இடம் வெளியே தெரியும். அங்கேதான் ஒவ்வோர் இழையாக அறும். ஓர் இழை துருத்திக்கொண்டு விரலில் குத்தினாலும் வயரை மாற்றிவிடுங்கள், மற்ற இழைகள் அதிக நாள் தாங்காது. புதுக் கிளட்ச் வயர் ஒன்றைச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் வைத்திருங்கள். பிரேக்கை அழுத்தும்போது ஹப்பில் உள்ள அம்புக்குறி எதிரே உள்ள கோட்டைத் தொட்டால் பிரேக் ஷூ தேய்ந்து முடிந்தது. மூன்று ஆண்டு நின்ற ஷூ கண்ணாடி போல வழவழத்திருக்கும், எப்படியும் கழற்றிப் பாருங்கள். செயின் கவரில் உள்ள ரப்பர் மூடியைத் திறந்து விரலால் செயினைத் தூக்கிப் பாருங்கள். இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். செயின் தேய்ந்திருந்தால் ஸ்பிராக்கெட்டோடு செட்டாக மாற்றுவதே சரி.

வாட்டர் சர்வீஸில் அழுத்த நீரைச் சக்கர பேரிங் மீதும் கோன்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங்) மீதும் நேராக அடிக்க விடாதீர்கள், உள்ளே உள்ள கிரீஸ் வெளியேறிவிடும். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

ஓட்டும் முறைக்கு வருகிறேன். காலையில் கிளப்பியதும் முறுக்காதீர்கள். ஒரு நிமிடம் தானாக ஓடட்டும், முதல் கிலோமீட்டரை நிதானமாகப் போங்கள். 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் இந்த இன்ஜின் பல ஆண்டுகள் உழைக்கும். நான்காவது கியரில் 25இல் இழுத்துக்கொண்டு போனால் அது திணறும். கியரை இறக்கத் தயங்காதீர்கள். வேலூருக்குப் பள்ளிகொண்டா போய் நெடுஞ்சாலையைப் பிடிப்பதைவிட, கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியையே நான் சொல்வேன். சென்னை–பெங்களூரு சாலையில் சொகுசுப் பஸ் கடந்து போகும் காற்றே இந்த எடையுள்ள வண்டியை ஓர் அடி தள்ளிவிடும். பாலாற்றை ஒட்டிய ஊர்களில் சாலை வளைவுகளில் மணல் படிந்திருக்கும். அங்கே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வளைந்துகொண்டே முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள்.

ஆவணங்களையும் பாருங்கள். 2001 வண்டியின் பதிவு 2016இல் முதல்முறை புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும், அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. புகைச் சான்றிதழ் இந்த வயது வண்டிக்கு ஆறு மாதம்தான் செல்லும்.

ஏலகிரிக்கு இந்த மாதம் வேண்டாம். ஒரு மாதம் வேலூருக்குப் போய்வந்து, புது ஷூ படிந்து, வண்டியின் ஒலி உங்கள் காதுக்குப் பழகிய பிறகு போங்கள். ஏறும்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளிலும் வளைவுக்கு முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் அரைமணி ஆறவிடுங்கள். பெட்ரோலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்கும் பழக்கம் நம்மிடம் அதிகம்; அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை விட்டு, இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்குங்கள். டிரம் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய வாடை மூக்கில் பட்டாலோ லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ, அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டிக் கால்மணி நேரம் நில்லுங்கள். ஹப்பின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், தானாகவே ஆறட்டும்.