டிவி வந்து சமூகம் கெட்டதா, முன்னேறியதா?

நீங்கள் கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது, கோவை மாவட்டத்தில் விசைத்தறி ஓடும் எங்கள் சோமனூர்ப் பக்கத்தை வைத்தே சொல்கிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே வந்துவிட்டது, ஆனால் இங்கே தறிக்காரர் வீடுகளில் டிவி நிறைந்தது 1993-ல் சன் டிவி தொடங்கி, 2006-ல் அரசு இலவச வண்ண டிவி கொடுக்க ஆரம்பித்த பிறகுதான். நன்மை இல்லை என்று சொல்லவே மாட்டேன். 1995-ல் போலியோ சொட்டு மருந்து முகாம் தொடங்கியபோது, எழுத்தே தெரியாத என் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) டிவியில் தேதியைக் கேட்டுத்தான் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனார். புயல் எச்சரிக்கையும் தேர்தல் செய்தியும் அப்படித்தான் வீட்டுக்குள் வந்தன.

கெடுதல் சாயங்காலத்தில் இருக்கிறது. ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து அப்பா சாப்பிட உட்காருவார், ரசம் கேட்டால் "விளம்பரம் வரட்டும், இருங்க" என்பார் அம்மா, கண் சீரியலை விட்டு நகராது. பார்ப்பவர் எண்ணிக்கையை வைத்துத்தான் விளம்பரக் காசு என்பதால், மாமியார் மருமகளுக்கு விஷம் வைக்கும் கதையை வருஷக்கணக்கில் இழுக்கிறார்கள், அது நிஜ வீட்டுச் சந்தேகங்களுக்கும் தீனி போடுகிறது. விடிய விடிய, கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடியவர்களுக்கு முன்னால் உட்கார ஆள் குறைந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, என்ன செய்யலாம்? எங்கள் வீட்டில் இப்போது சாப்பாட்டு நேரத்தில் டிவி ஓடாது. முதல் வாரம் சண்டைதான், அப்புறம் பையன் பள்ளிக்கூடக் கதையைத் தானாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.