தங்கவயல் தூசியும் மாரிகுப்பம் ரயிலும்

கோலார் தங்கவயலைப் பற்றிப் பெங்களூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சுரங்கத் தொழிலும் அந்த ஊரும் அறிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: தங்கம் தீர்ந்துபோனதால்தான் சுரங்கத்தை மூடினார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா? — வாசகி, அல்சூர்

பதில்: தீரவில்லை. எடுக்கிற செலவு கட்டுப்படியாகவில்லை. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்த புதிதில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் தங்கம் இருந்தது. கடைசிக் காலத்தில் அது 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. பாறையை உடைத்து, மேலே ஏற்றி, மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்து, துத்தநாகம் சேர்த்துப் பிரிக்கும் வேலை மட்டும் குறையவே இல்லை.

இன்னொரு காரணம் ஆழம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறக்குறைய 3,200 மீட்டர் வரை போனது. அங்கே பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். குளிரூட்டிய காற்றை அனுப்ப வேண்டும், தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கேஜில் (ஆட்களை இறக்கும் கூண்டில்) இறங்கி, நடந்து, அடுத்த ஷாஃப்டில் (செங்குத்துச் சுரங்கக் குழியில்) மறுபடி இறங்கி வேலையிடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஷிஃப்டில் பாதி உழைப்பு போய்விடும். போதாததற்கு ‘ஏர் பிளாஸ்ட்’. தாதுவை வெட்டியெடுத்ததும் அது தாங்கியிருந்த பாரம் பக்கத்துப் பாறைக்கு மாறும். தாங்க முடியாத ஒரு கணத்தில் அது வெடித்துச் சிதறும். அதைத் தடுக்கக் கருங்கல்லை அடுக்கி உள்ளே சுவர் கட்டினார்கள். அப்படியும் உயிர்கள் போயின. அந்த அதிர்வு மேலே லைன் வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வரை எட்டும்.

1956-ல் மைசூர் அரசும் 1962-ல் மத்திய அரசும் சுரங்கத்தை எடுத்துக்கொண்டன. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் உருவானது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு மூடினார்கள். மொத்தம் ஏறக்குறைய 800 டன் தங்கம் வெளியே வந்தது.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. 26 ஆண்டுகள் சுரங்கத்துக்குள் டிரில் பிடித்தவர். ஓயாத இருமல், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரண்டு முறை காசநோய் மருந்து கொடுத்துவிட்டார்கள், குணமில்லை. — வாசகர், ஸ்ரீராமபுரம்

பதில்: கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸா என்று உடனே பார்க்க வேண்டும். தங்கவயலில் தங்கம் இருந்ததே வெண்கற்பாறையில்தான் (குவார்ட்ஸ்). அந்தக் கல்லைத் துளைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசியில் 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் கண்ணுக்குத் தெரியாது. மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் உட்காரும். உடம்பால் அதைக் கரைக்க முடியாது. அதைச் சுற்றித் தழும்பு வளரும். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அது வளரும் என்பதால்தான், ‘மைன்ஸ் மூடி இத்தனை காலம் ஆயிற்றே’ என்று யாரும் அலட்சியமாக இருக்கக் கூடாது.

எக்ஸ்-ரேயில் சிலிகோசிஸ், காசநோய் இரண்டும் நுரையீரலின் மேல்பகுதியில்தான் நிழல் காட்டும். குழப்பம் அங்கேதான் வருகிறது. சிலிகோசிஸில் பெரும்பாலும் இரு பக்கமும் பொடிப்பொடியான வட்டப் புள்ளிகள் தெரியும். சிலருக்கு நுரையீரல் வாசலில் உள்ள நிணநீர் முடிச்சுகளின் விளிம்பில் முட்டையோடு போலச் சுண்ணாம்பு படிந்திருக்கும். ஆனால் சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்தும் கூடுதல், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் எக்ஸ்-ரேயை மட்டும் பார்த்து மருந்து தொடங்குவதும் தவறு, ‘தூசி நோய்தான்’ என்று காசநோய்ப் பரிசோதனையை விடுவதும் தவறு. சளியை சி.பி.நாட் பரிசோதனைக்கு (காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) கொடுங்கள். நுரையீரல் ஊதும் பரிசோதனையும், டாக்டர் சொன்னால் சி.டி. ஸ்கேனும் எடுங்கள். பெங்களூரில் ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் பக்கம் உள்ள ராஜீவ் காந்தி மார்பு நோய் மருத்துவமனைக்குப் போகலாம்.

போகும்போது பழைய எக்ஸ்-ரே எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துப் போங்கள். ஒரு தாளில் எந்த ஷாஃப்ட், என்ன வேலை, எத்தனை ஆண்டு, டிரில் தண்ணீர் பாய்ச்சியதா உலர்ந்ததா என்று எழுதிக் கொடுங்கள். ‘என்ன வேலை செய்தீர்கள்’ என்று கேட்கப்படாததாலேயே பலருக்கு இந்த நோய் பிடிபடாமல் போகிறது. பணிச் சான்று, பி.எஃப். சீட்டு, அடையாள அட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். இது சட்டம் ஏற்றுக்கொண்ட தொழில் நோய். உரிமை கேட்க அந்தத் தாள்கள் வேண்டும்.

படிந்த தழும்பை நீக்க மருந்து இல்லை. பீடி, விறகுப் புகை இரண்டையும் நிறுத்துவதும், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி போடுவதும் இருக்கிற மூச்சைக் காப்பாற்றும்.

கேள்வி: சயனைடு மேட்டில் பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்கலாமா? — வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: வேண்டாம். தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய பாறைப்பொடிக் குவியல்தான் அந்த மேடு. பழைய மேட்டின் மேல்பரப்பில் இருந்த சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆபத்து அதில் இல்லை. கையில் அள்ளினால் முகப்பவுடர் போல விரலிடுக்கில் ஒட்டும் அந்தப் பொடி, அரைத்த வெண்கல். மேலே சொன்ன அதே சிலிக்கா. கைக்குட்டை கட்டினால் நிற்காது, என்-95 முகமூடி வேண்டும். மழைநீர் அரித்த செங்குத்துப் பள்ளங்களின் ஓரம் சட்டென்று சரியும். மேட்டடியில் தேங்கிய தண்ணீரில் கைகூட வைக்க வேண்டாம், சல்ஃபைடு தாதுவிலிருந்து அமிலமும் ஆர்சனிக்கும் இறங்கலாம். 2024-ல் 13 மேடுகளில் மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தப் பொடியைக் கிளறும்போது தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவார்களா என்பதை ஊர்மக்கள் விடாமல் கேட்க வேண்டும்.

கேள்வி: பெங்களூருக்கு முன்பே தங்கவயலுக்கு மின்சாரம் வந்ததாமே? — வாசகர், ஆஸ்டின் டவுன்

பதில்: ஆம். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 147 கி.மீ. கம்பி இழுத்து 1902 ஜூனில் சுரங்கத்துக்குக் கொடுத்தார்கள். பெங்களூர்த் தெருவிளக்கு 1905-ல்தான் எரிந்தது. அந்த மின்சாரம் வந்தது இயந்திரங்களுக்காக. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மூங்கில் தட்டி வீடுகளில்தான் இருந்தார்கள். அதே மக்கள்தான் அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை கண்டார்கள். 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து 21 நாள் வேலைநிறுத்தமும் செய்தார்கள். மின்கம்பியின் நீளத்தைவிட இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: பெங்களூர் வாடகை தாங்கவில்லை. தங்கவயலில் வீடு வாங்கி ரயிலில் வேலைக்கு வரலாமா? — வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் வருகிறார்கள். பங்காரப்பேட்டை–மாரிகுப்பம் கிளைப்பாதை 1894-லிருந்து இருக்கிறது. கோரமண்டல், ஊர்காம், சாம்பியன், மாரிகுப்பம் நிலையங்களில் ஏறலாம், சீசன் டிக்கெட் மலிவு. ஆனால் போக வர ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் வரை ஆகும். ரயிலைத் தவறவிட்டால் கிளைப்பாதையில் அடுத்தது சீக்கிரம் கிடைக்காது. பங்காரப்பேட்டை வரை ஆட்டோவிலோ பஸ்ஸிலோ போனால் சென்னை மெயின் லைன் வண்டிகள் கிடைக்கும். அதனால் பங்காரப்பேட்டை ரோட்டை ஒட்டி வீடு பார்ப்பது நல்லது.

சுரங்கக் கம்பெனி நிலத்திலுள்ள லைன் வீட்டை வெறும் கையெழுத்துத் தாளில் வாங்காதீர்கள். பதிவான கிரயப் பத்திரமும் 30 வருட வில்லங்கச் சான்றும் இல்லாவிட்டால் முன்பணம்கூட வேண்டாம். அடியில் பழைய சுரங்கம் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். சுவரில் படிக்கட்டுப் போலக் குறுக்கே ஏறும் விரிசல் இருந்தால், அதன் இரு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி, ஒரு மழைக்காலம் முடிகிற வரை அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டால் அந்த வீடு வேண்டாம்.